கியர் ஆயிலும் வாரண்டிச் சண்டையும்

இயந்திரவியல் மூன்றாமாண்டு மாணவன், கீழ்பென்னாத்தூர்



கியர் பாக்ஸ் மூன்று வகைப்படும் என்று ஆட்டோமொபைல் பாடத்தில் படிக்கிறோம். ஸ்லைடிங் மெஷ், கான்ஸ்டன்ட் மெஷ், சின்க்ரோமெஷ். படம் போட்டுப் பாகங்களைக் குறித்தால் முழு மார்க். ஆனால் அந்தப் பெட்டிக்குள் எந்த ஆயிலை ஊற்றுவது என்பதற்கு நம் நோட்டில் ஒரு வரிதான் இருக்கிறது: "தகுந்த உயவு எண்ணெய் இடவேண்டும்." அந்தத் "தகுந்த" என்ற ஒரு சொல்லுக்காக வண்டிக்காரரும் டீலரும் மாதக்கணக்கில் சண்டை போடுவதை நான் பார்த்திருக்கிறேன். நாளை சர்வீஸ் சென்டரில் வேலைக்குப் போகப்போகும் நாம் இந்தச் சண்டையின் நடுவில் நிற்கப்போகிறவர்கள். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

முதல் கியரில் ஓடும் வண்டியை இரண்டாவதற்கு மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கிளட்சை மிதித்ததும் இஞ்சினின் பிடி விடுகிறது. ஆனால் இரண்டாவது கியரின் பல்சக்கரம் ஒரு வேகத்திலும், அதோடு சேரவேண்டிய ஸ்லீவ் வேறொரு வேகத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே வேகத்துக்கு வராமல் பல்லைக் கோர்த்தால் "கர்ர்" என்று சத்தம் வரும். இந்த இரு வேகங்களையும் ஒன்றாக்கத்தான் நடுவில் சின்க்ரோ வளையம் இருக்கிறது. பெரும்பாலும் இது பித்தளை போன்ற செம்புக் கலவையால் ஆனது. உள்பக்கம் கூம்பு வடிவம், அதில் நூல் போன்ற மெல்லிய வரிகள். ஸ்லீவ் தள்ளும்போது வளையம் பல்சக்கரத்தின் கூம்பின் மேல் அழுந்தி, உராய்ந்து, பிரேக் போல வேகத்தைச் சமமாக்குகிறது.

இங்கேதான் ஆயிலுக்கு இரட்டை வேடம். பல்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் வழுவழுப்பு வேண்டும். சின்க்ரோ வளையத்துக்கோ உராய்வு வேண்டும். ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் வளையம் பிடிக்காது, கியர் கடிக்கும். அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தால் வளையத்தின் வரிகளிலிருந்து ஆயில் சீக்கிரம் விலகாது, காலையில் கியர் கல்லு மாதிரி இருக்கும். மிகவும் நீர்த்துப் போனால் பற்களுக்கு இடையே படலம் நிற்காது. மாமியாரையும் மருமகளையும் ஒரே வீட்டில் சமாளிக்கிற பிள்ளையின் நிலைமைதான் கியர் ஆயிலின் நிலைமை!

75, 80, 90 என்றால் என்ன?

கேனின் மேல் 75டபிள்யூ-80, 80டபிள்யூ-90 என்றெல்லாம் போட்டிருக்கும். இது எஸ்.ஏ.இ. ஜே306 என்ற தரப்படி ஆயிலின் பாகுநிலையைக் காட்டும் எண். டபிள்யூ உள்ள எண் குளிருக்கு. 75டபிள்யூ என்றால் மைனஸ் 40 டிகிரியிலும், 80டபிள்யூ என்றால் மைனஸ் 26 டிகிரியிலும், 85டபிள்யூ என்றால் மைனஸ் 12 டிகிரியிலும் ஆயில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கெட்டியாகக் கூடாது. பின்னால் வரும் எண் சூட்டுக்கு. 90 என்றால் 100 டிகிரி செல்சியஸில் பாகுநிலை 13.5-க்கும் 18.5 சென்டிஸ்டோக்குக்கும் இடையில் இருக்கவேண்டும்.

"இஞ்சின் ஆயில் 40, கியர் ஆயில் 90, அப்போ கியர் ஆயில் ரெண்டு மடங்கு கெட்டி" என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. இஞ்சின் ஆயிலுக்கு எஸ்.ஏ.இ. ஜே300 என்ற வேறு அளவுகோல் இருக்கிறது. அதில் 40 என்பது 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 வரை, 50 என்பது 16.3 முதல் 21.9 வரை. கணக்குப் பார்த்தால் 90 கியர் ஆயிலும் 40, 50 இஞ்சின் ஆயிலும் ஏறக்குறைய ஒரே கெட்டிதான்.

நம் திருவண்ணாமலை வெயிலுக்கு மைனஸ் டிகிரி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதை வைத்துக்கொண்டு "நம்ம ஊரு சூட்டுக்கு 140 ஊத்தினாத்தான் நிக்கும்" என்று சொல்வது தவறு. லாரியின் பின் ஆக்சிலுக்கு ஏற்ற கெட்டியை காரின் சின்க்ரோ வளையம் தாங்காது. கம்பெனிக்காரர்கள் 75டபிள்யூ-80 என்று எழுதும்போது நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுத்துத்தான் எழுதுகிறார்கள்.

ஜி.எல்.-4, ஜி.எல்.-5: எது பெரியது?

கடையில் போய்க் கேட்டால், "தம்பி, நாலைவிட அஞ்சு பெருசு இல்லையா? அஞ்சே வாங்கிக்கோ, நல்ல சரக்கு" என்பார்கள். எட்டாம் நம்பர் செருப்பு ஆறாம் நம்பர் செருப்பைவிட உயர்ந்ததா? காலுக்கு எது பொருந்துமோ அதுதான் உயர்ந்தது. இங்கேயும் அப்படித்தான்.

ஜி.எல். எண்களை வகுத்தது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ. ஜி.எல்.-5 முக்கியமாக ஹைபாய்டு கியருக்கு உரியது. பின் சக்கர இழுவை வண்டிகளின் டிஃபரன்ஷியலில், பினியனின் அச்சு கிரவுன் வீலின் அச்சுக்குக் கீழே தள்ளி இருக்கும். ஆகவே பற்கள் உருளுவதோடு நில்லாமல் நீளவாக்கில் சறுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் ஆயில் படலம் கிழிந்துவிடும். அப்போது இரும்போடு இரும்பு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த இ.பி. மருந்து கலக்கிறார்கள். சூடேறிய இடத்தில் அது இரும்போடு வினைபுரிந்து ஒரு மெல்லிய தோலை உண்டாக்கும். தேய்வது அந்தத் தோல், தப்புவது பல். ஜி.எல்.-5-இல் இந்த மருந்து ஜி.எல்.-4-இல் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இரும்புக்கு நல்லதான இந்த மருந்து செம்புக்கு ஆகாது. வீரியமான கந்தகம் சூட்டில் செம்போடு சேர்ந்து செம்பு சல்பைடு ஆகும். பித்தளை வளையம் கறுக்கும். அந்தக் கறுப்புத் தோல் உராயும்போது உரிந்து, வளையத்தின் வரிகள் மெல்ல மெல்ல மழுங்கும். இதனால்தான் சின்க்ரோமெஷ் உள்ள பல கார்களின் கியர் பாக்ஸுக்கு ஜி.எல்.-4 என்று கையேட்டில் போடுகிறார்கள். முன் சக்கர இழுவைக் கார்களில் டிஃபரன்ஷியலும் அதே பெட்டிக்குள் இருந்தாலும், இஞ்சின் குறுக்காக வைக்கப்பட்டவற்றில் அது ஹைபாய்டு அல்ல, ஹெலிகல் கியர். அதற்கு ஜி.எல்.-4 போதும்.

இதிலும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. செம்பைக் காக்கும் மருந்து சேர்த்த ஜி.எல்.-5 ஆயில்களும் வருகின்றன. இரண்டுக்கும் பொருந்தும் என்று அச்சடித்த கேன்களும் உண்டு. சில கியர் பாக்ஸ்களில் வளையமே கார்பன் பூச்சு உடையது. சில கம்பெனிகள் ஏ.டி.எஃப். ஊற்றச் சொல்கின்றன, சில தங்கள் சொந்தப் பெயரில் எம்.டி.எஃப். விற்கின்றன. ஆகவே மெக்கானிக் சொல், கடைக்காரர் சொல், நம் சொல் எல்லாவற்றுக்கும் மேலே கையேட்டின் சொல்.

எங்கள் ஊரில் நடந்த ஒன்று

எங்கள் சித்தப்பா ஒருவர் கீழ்பென்னாத்தூரில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறார். கடனில் வாங்கிய வண்டி, மாதத் தவணை. பௌர்ணமி கிரிவலத்துக்கு வரும் ஆட்களை ஏற்றி இறக்குவதில்தான் அவருக்கு வருமானம். அந்த இரவுகளில் செஞ்சி ரோட்டிலிருந்து திருவண்ணாமலைக்குள் வண்டி ஊர்ந்துதான் போகும். ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று என்று மணிக்கணக்கில் கியர் மாற்றவேண்டும்.

2023-இல் ஒரு பௌர்ணமிக்கு முந்தின நாள் டிரைவ் ஷாஃப்ட் ஆயில் சீல் கசிந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டர் தூரம். மறுநாள் சவாரி ஒப்புக்கொண்டாகிவிட்டது. ஊரிலேயே ஒரு ஒர்க் ஷாப்பில் சீல் மாற்றி ஆயில் ஊற்றிக்கொண்டு போய்விட்டார். நாலு மாதம் கழித்து இரண்டாவது கியர் கடிக்க ஆரம்பித்தது. வண்டி வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, வாரண்டி இருந்தது. டீலரிடம் விட்டார். அங்கே சொன்ன பதில்: "வெளிய கியர் ஆயில் மாத்தியிருக்கீங்க சார். வாரண்டி போச்சு." எஸ்டிமேட் 31,000 ரூபாய்.

சித்தப்பா கையேட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "டேய், இதுல இன்னா எழுதி இருக்குன்னு படிச்சு சொல்லுடா." முன்னூறு பக்க இங்கிலீஷ் புத்தகம். எங்கள் வீட்டில் அதைப் படிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். இரண்டு நாள் டிக்‌ஷனரியோடு உட்கார்ந்தேன். கையேட்டில் 75டபிள்யூ-80, ஜி.எல்.-4 என்று இருந்தது. வாரண்டிப் பக்கத்தில், சிபாரிசு செய்யாத ஆயிலால் உண்டாகும் சேதத்துக்கு வாரண்டி இல்லை என்று இருந்தது. நண்பர்களே, அந்த வாக்கியத்தைக் கவனியுங்கள். வெளியில் ஆயில் மாற்றினால் என்று அங்கே இல்லை. தவறான ஆயிலால் சேதம் உண்டானால் என்றுதான் இருந்தது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அடுத்து ஒர்க் ஷாப் பில்லைப் பார்த்தோம். "கியர் ஆயில் 1 லி." அவ்வளவுதான். என்ன பிராண்ட், என்ன கிரேடு, எதுவும் இல்லை. ஒர்க் ஷாப் அண்ணன் நல்ல மனிதர். "நான் ஜி.எல்.-4 தான்பா ஊத்தினேன்" என்று அடித்துச் சொன்னார். காலிக் கேனைப் பாதியாக வெட்டிப் புனலாக வைத்திருந்தார். லேபிளில் ஜி.எல்.-4 என்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதே கேன்தான் இந்த வண்டிக்கு ஊற்றியது என்று எதைக் காட்டி நிரூபிப்பது?

நாங்கள் இரண்டு கோரிக்கை வைத்தோம். ஒன்று, வாரண்டி மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் தரவேண்டும். இரண்டு, எங்கள் கண்ணெதிரில் கியர் பாக்ஸைத் திறக்கவேண்டும், வடித்த ஆயிலில் கொஞ்சம் பாட்டிலில் எங்களுக்கு வேண்டும். சத்தம் போடவில்லை, எழுதிக் கொடுத்தோம். ஒரு வாரம் கழித்துத் திறந்தார்கள்.

எண்ணெய்தான் குற்றவாளியா?

இனி நம் பாடத்துக்கு வருவோம். ஆயில் எல்லா வளையங்களையும் ஒன்றாகத்தான் குளிப்பாட்டுகிறது. கந்தகம் அரித்திருந்தால் அதன் அடையாளம் ஒரே ஒரு வளையத்தில் மட்டும் இருக்க நியாயமில்லை. ஆகவே திறந்ததும் பார்க்கவேண்டியவை இவை:

1. எல்லா வளையங்களும் கறுத்து, வரிகள் மழுங்கியிருந்தால் ஆயில் மேல் சந்தேகம் வலுக்கும்.

2. மற்றவை மஞ்சளாகப் பளபளத்து, ஒரே ஒரு வளையம் மட்டும் தேய்ந்திருந்தால், அந்த வளையத்தின் குறை, அந்த கியரின் அதிக உபயோகம், கிளட்ச் சரியாக விடாதது ஆகியவற்றைத் தேடவேண்டும்.

3. பற்களும் பேரிங்கும் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் அளவு குறைந்து ஓடியிருக்கலாம்.

4. டிரெயின் பிளக் காந்தத்தில் மாவு போன்ற இரும்புத் தூள் இருப்பது சாதாரணம். சில்லு இருந்தால் பல் உடைந்திருக்கிறது.

5. கியர் வயர் அட்ஜஸ்ட்மென்ட்டும் கிளட்ச் பெடல் இடைவெளியும் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பார்க்கவேண்டியவை.

ஆயிலைப் பற்றிச் சந்தேகம் தீராவிட்டால் செம்புப் பட்டைச் சோதனை இருக்கிறது. ஏ.எஸ்.டி.எம். டி130 என்ற முறைப்படி, பாலிஷ் போட்ட செம்புப் பட்டையை ஆயிலில் மூழ்கவைத்து, குறித்த சூட்டில் குறித்த நேரம் வைத்து எடுத்து, நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். 1 என்றால் லேசான மங்கல், 4 என்றால் கரி போன்ற அரிப்பு. நடுவில் உள்ளவை 2, 3.

எங்கள் சித்தப்பா வண்டியில் இரண்டாவது கியரின் வளையம் மட்டும் தேய்ந்திருந்தது. மற்ற வளையங்கள் புதுக் குத்துவிளக்கு மாதிரி மஞ்சளாக இருந்தன. போட்டோ எடுத்தோம், அவர்களும் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து, "குட்வில்" என்ற பெயரில் பாகங்கள் இலவசம், கூலி 9,000 ரூபாய் மட்டும் என்று முடிந்தது. தப்பு எங்கள் பக்கம் இல்லை என்று அவர்கள் எழுதித் தரவில்லை. அந்த மூன்று வாரத்தில் ஒரு பௌர்ணமி போனது, ஒரு தவணை தள்ளிப்போனது. 31,000 ரூபாய் கேட்ட இடத்தில் 9,000 ரூபாயோடு முடிந்ததே என்று சித்தப்பா வண்டியை எடுத்துக்கொண்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். விலை 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய்தான். இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும். டீலர் எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்பது புதிய சட்டம் தந்த வசதி.

"டாக்ஸி ஓட்டுபவர் வியாபாரி, நுகர்வோர் அல்ல" என்று சிலர் பயமுறுத்துவார்கள். தன் பிழைப்புக்காகச் சுயதொழிலாக ஓட்டுவதற்கென்றே வாங்கியவர் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. சோதனை செய்யாமல் பொருளின் குறையை அறிய முடியாது என்றால், மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் அதிகாரமும் 38-ஆம் பிரிவில் ஆணையத்துக்கு உண்டு.

அதே சமயம் எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2006-இல் மாருதி உத்யோக் சம்பந்தப்பட்ட ஒரு கிளட்ச் வழக்கில், வண்டியையே மாற்றித் தரும்படி கீழே வந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வாரண்டி நிபந்தனைப்படி, குறையுள்ள பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றித் தருவதோதான் கம்பெனியின் கடமை என்றது. கியர் கடித்ததும் "புது வண்டி கொடு" என்று நிற்பவர்கள் இதை மனதில் வைக்கவேண்டும்.

வெளி ஒர்க் ஷாப் விஷயத்தில் முக்கியமானது சி.சி.ஐ. எனப்படும் இந்தியப் போட்டி ஆணையத்தின் 2014 ஆகஸ்ட் 25 உத்தரவு. மாருதி சுசூகி, டாடா, மஹிந்திரா, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் உள்ளிட்ட 14 கார் கம்பெனிகளுக்கு, உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் வைத்திருந்ததற்காகச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டார்கள். வெளியே ரிப்பேர் செய்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது, வெளி வேலையின் கோளாறால் சேதம் எந்த அளவுக்கு ஏற்பட்டதோ அந்த அளவுக்கு மட்டுமே ரத்து செய்யலாம் என்பது அந்த உத்தரவின் சாரம். கம்பெனிகள் மேல்முறையீடு போனார்கள். 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று கம்பெனிகள் விஷயத்தில் குற்றத்தை உறுதிசெய்து, அபராதத்தை மட்டும் குறைத்தது. அமெரிக்காவில் 1975-லேயே மேக்னசன்-மாஸ் என்ற வாரண்டிச் சட்டம் வந்திருக்கிறது. எங்கள் பிராண்ட் பாகத்தையே, எங்கள் சர்வீஸையே காசு கொடுத்து வாங்கினால்தான் வாரண்டி என்று கட்டாயப்படுத்துவதை அது பொதுவாகத் தடுக்கிறது. இரண்டு நாட்டிலும் அடிப்படை ஒன்றுதான்: வேறு கை பட்டது என்பது காரணமல்ல, அந்தக் கையால் கெட்டது என்பதே காரணம்.

மனுப் போடும் முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பல தகராறுகள் அதிலேயே பேசித் தீர்வதுண்டு.

ஜாப் கார்டு எழுதப்போவது நாம்

நண்பர்களே, நம்மில் பலர் இன்னும் ஓரிரு வருடத்தில் ஏதாவது டீலரிடம் சூப்பர்வைசராகவோ, அட்வைசராகவோ சேரப்போகிறோம். சிலர் சொந்த ஒர்க் ஷாப் வைப்போம். இரண்டு பக்கத்திலும் பேனா நம் கையில்தான் இருக்கும். ஒர்க் ஷாப் பில்லில் "75டபிள்யூ-80, ஜி.எல்.-4, பிராண்ட், பேட்ச் எண், கிலோமீட்டர், தேதி" என்று எழுத ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம் ஒரு குடும்பத்தின் இரண்டு மூன்று மாதத் தவணையைக் காப்பாற்றும். "கியர் ஆயில் 1 லி." என்று எழுதினால், சரியான ஆயிலையே ஊற்றியிருந்தாலும் அது நிரூபணம் ஆகாது.

டீலர் பக்கம் இருக்கும்போதும் நியாயம் ஒன்றுதான். மேனேஜர், "வெளி ஆயில், கஸ்டமர் ஃபால்ட்டுன்னு போட்டுடு" என்று சொல்லக்கூடும். திறந்து பார்க்காமல் அதை எழுதாதீர்கள். வளையத்தைப் பார்த்தேன், இத்தனை வளையம் தேய்ந்திருக்கிறது, நிறம் இது, ஆயில் அளவு இது என்று பார்த்ததை மட்டும் எழுதுங்கள். உண்மையிலேயே தவறான ஆயில் கெடுத்திருந்தால் அதையும் தயங்காமல் எழுதுங்கள், அதுவும் நம் கடமைதான். மைக்ரோமீட்டரில் ரீடிங் எடுக்கும்போது வந்த அளவைத்தான் எழுதவேண்டும், விடை தெரிந்து எழுதக் கூடாது என்று லேபில் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஜாப் கார்டும் ஒரு அப்சர்வேஷன் நோட்டுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ, தெருவிலோ வண்டி வைத்திருப்பவர்கள் இருந்தால், அவர்கள் கையேட்டில் கியர் ஆயில் பக்கத்தையும் வாரண்டிப் பக்கத்தையும் படித்து, தமிழில் ஒரு தாளில் எழுதி, டாஷ்போர்டு பெட்டியில் வைத்துக் கொடுங்கள். நாம் படித்த படிப்புக்கு முதல் பலன் அதுவாக இருக்கட்டும்.